பேர்ட்ஸ்வில் ட்ராக்: பறவை பாக்கவும் கேம்ப் போடவும் போறவங்க அடிக்கடி கேக்குற கேள்விகள்

நாங்க இருக்கறது அடிலெய்டுல. நானும் என் வீட்டுக்காரரும் பொண்ணுமா இந்த ரூட்ல மூணு தடவ போயிட்டு வந்துட்டோம். ஒவ்வொரு தடவ திரும்பி வந்ததும் தெரிஞ்சவங்க அதே கேள்விகளத்தான் கேக்கறாங்க, போன்லயும் மெசேஜ்லயும் துண்டு துண்டா சொல்லிட்டு இருக்கறதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதி வச்சிடலாம்னு தோணுச்சு.

அவுட்பேக் அவுட்பேக்னு சொல்றீங்களே, சரியா எந்த ரூட்?

அவுட்பேக்னா ஆஸ்திரேலியாவோட உள்நாட்டு வறண்ட பகுதி. தென் ஆஸ்திரேலியால மரீன்னு ஒரு குட்டி ஊர், அங்கருந்து குயின்ஸ்லாந்து எல்லைல இருக்கற பேர்ட்ஸ்வில் வரைக்கும் 517 கி.மீ. மண் ரோடு. இதுதான் பேர்ட்ஸ்வில் ட்ராக். அடிலெய்டுலருந்து மரீ வரவே 700 கி.மீ. கிட்ட ஆயிடும், அது நல்ல ரோடுதான். அந்த காலத்துல குயின்ஸ்லாந்து மாட்டு மந்தைகள மரீ ரயில்வே ஸ்டேஷனுக்கு நடத்தியே ஓட்டிட்டு வந்த பாதை இது. மாடுங்க தண்ணி இல்லாம செத்துப் போகக்கூடாதுன்னு கவர்மென்ட்டு வழி நெடுக சுமார் 40 கி.மீ.க்கு ஒண்ணா ஆழ்துளைக் கிணறு போட்டு வச்சாங்க. இங்க அத போர்னுதான் சொல்லுவாங்க. பூமிக்கு அடில கிரேட் ஆர்ட்டீஷியன் பேசின்னு ஒரு மகா பெரிய நீர்த்தேக்கம், ஆஸ்திரேலியா நிலப்பரப்புல அஞ்சுல ஒரு பங்குக்கு மேல அதுக்கு மேலதான் உக்காந்திருக்கு. அந்த போர் தண்ணி கொதிக்கக் கொதிக்க மேல வரும், மோட்டாரே வேண்டாம், அழுத்தத்துலயே வரும்.

இத ஏன் முதல்லயே சொல்றேன்னா, இந்த டிரிப்ல எத முடிவு பண்ணாலும் தண்ணிய வச்சுத்தான் முடிவு பண்ணனும். எப்ப போறது, எங்க தங்கறது, என்ன பறவை கெடைக்கும், எல்லாமே எந்த பக்கம் எப்ப மழை பேஞ்சது, எந்த போர்ல தண்ணி ஓடுதுங்கறதுல வந்து நிக்கும்.

எந்த மாசம் நல்லது?

மே கடைசிலருந்து ஆகஸ்ட் வரைக்கும். செப்டம்பரும் போலாம், ஆனா முதல் வாரத்த ஒட்டி பேர்ட்ஸ்வில் குதிரை ரேஸ் நடக்கும், நூத்துச் சொச்சம் பேர் இருக்கற ஊர்ல ஆயிரக்கணக்குல ஜனம் வந்து எறங்கிடும், பறவை பாக்கப் போறவங்களுக்கு அந்த கூட்டம் வேண்டாம். வெயில் காலத்துல தயவு செஞ்சு போகாதீங்க. இதுக்கு மேற்கால இருக்கற ஊடனடட்டாங்கற ஊர்ல 1960 ஜனவரி 2ஆம் தேதி 50.7 டிகிரி அடிச்சிருக்கு. அந்த மாதிரி நாள்ல வண்டி நின்னு போச்சுன்னா சில மணி நேரத்துலயே உயிருக்கு ஆபத்து ஆயிடும்.

குளிர் காலத்துல பகல் 20, 22 டிகிரி, நல்லா இருக்கும். ராத்திரி மட்டும் அஞ்சுக்கு கீழ போயிடும், சில நாள் டென்ட் மேல உறைபனி கூட இருக்கும். பாலைவனம்தானேன்னு நெனச்சு மெல்லிசு போர்வையோட வந்து விடிய விடிய நடுங்கினவங்கள பாத்திருக்கேன். நல்ல ஸ்லீப்பிங் பேக், கம்பளித் தொப்பி, தரைக்கும் உங்களுக்கும் நடுவுல கனமான மேட், இந்த மூணும் கண்டிப்பா வேணும்.

மழை பேஞ்சா என்ன ஆகும்?

ரோட்ட மூடிருவாங்க. சின்ன மழையே போதும், அந்த களிமண் டயர்ல சாதம் குழைஞ்ச மாதிரி ஒட்டிக்கும், சக்கரமே சுத்தாது. மூடின ரோட்ல ஓட்டினா ஃபைன் உண்டு, அது போக நீங்க கிழிச்சுட்டுப் போற பள்ளம் காஞ்சு கல்லாயிடும், அடுத்து வர்ற எல்லாருக்கும் ஆபத்து. கிளம்புற அன்னிக்கு காலைல கவர்மென்ட்டோட அவுட்பேக் ரோடு நிலவரத்த பாத்துட்டுத்தான் கிளம்பணும், ரெண்டு மூணு நாள் எக்ஸ்ட்ரா லீவு கைல இருக்கணும்.

மழை இங்கயே பெய்யணும்னு கூட இல்ல. 2025 மார்ச் கடைசில மேற்கு குயின்ஸ்லாந்துல பேய் மழை பேஞ்சு ஊரெல்லாம் முங்கிப் போச்சு, அந்த தண்ணி டயமன்டினா, கூப்பர் க்ரீக்ங்கற ஆறுங்க வழியா அவசரமே இல்லாம வாரக்கணக்குல எறங்கி கடைசில ஐர் ஏரிக்கு வந்து சேந்துச்சு. அந்த ஏரிக்கு பூர்வகுடிகள் வச்ச பேர் கட்டி தண்டா, ஆஸ்திரேலியாலயே தாழ்வான எடம், கடல் மட்டத்துக்கு 15 மீட்டர் கிட்ட கீழ இருக்கு. வானம் நீலமா இருக்கும், ஒரு பொட்டு மேகம் இருக்காது, ஆனா முன்னாடி ரோடு தண்ணிக்குள்ள போயிட்டு இருக்கும். கூப்பர் ட்ராக்க கடக்கற எடத்துல பெரிய வெள்ளம் வந்தா வண்டிய ஏத்திட்டு போற சின்ன படகு கூட விடுவாங்க.

பறவை பாக்கறவங்களுக்கு அந்த வெள்ளம் வந்த வருஷம் பொன்னான வருஷம். ட்ராக் திறந்தப்புறம் போகணும், அவ்ளோதான்.

செடான் கார்ல போலாமா? வாடகை கார்?

நல்லா காஞ்சிருக்கறப்ப உயரமான எஸ்.யூ.வி.ல போறவங்க உண்டு. ஆனா என் அபிப்ராயம், ஃபோர் வீல் டிரைவ் இல்லாம போகாதீங்க. வாடகை வண்டினா அக்ரிமென்ட்ட வரி விடாம படிங்க, நெறைய கம்பெனில தார் போடாத ரோட்ல போனாலே இன்சூரன்ஸ் செல்லாதுன்னு இருக்கும். எங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் கவுன்டர்ல இருந்தவர் வாய் வார்த்தையா சரின்னு சொன்னத நம்பி எடுத்துட்டுப் போய், கண்ணாடி உடைஞ்சதுக்கு முழு காசும் கைலருந்து கட்டினாங்க. எழுத்துல வாங்குங்க.

டயர் பத்தி எல்லாரும் பயமுறுத்தறாங்களே?

பயமுறுத்தறதுல நியாயம் இருக்கு. ஸ்டர்ட் ஸ்டோனி டெசர்ட்னு ஒரு பகுதி வரும், கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் செவந்த கல்லு, ஒவ்வொண்ணும் எண்ணெய் தேச்ச மாதிரி பளபளன்னு இருக்கும். அதுக்கு கிபர்னு பேர். சார்ல்ஸ் ஸ்டர்ட் 1844ல அடிலெய்டுலருந்து கிளம்பி உள்நாட்டுக் கடல் ஒண்ணு இருக்கும்னு நம்பி படகு ஒண்ணையும் இழுத்துட்டு வந்தார், அவருக்கு கெடைச்சது இந்த கல்லுதான். அந்த கல்லோட ஓரம் கத்தி மாதிரி.

ஆல் டெரெய்ன் டயர், அதுலயும் லைட் டிரக் வகை. ஸ்டெப்னி ரெண்டு. காத்து கம்ப்ரஸர், பங்ச்சர் கிட். ஹைவேல 38, 40 பி.எஸ்.ஐ. வச்சிருப்பீங்க, மண்ணு ரோட்ல ஏறினதும் வண்டி பாரத்துக்கு ஏத்த மாதிரி 28, 30க்கு எறக்குங்க. எறக்கிட்டா வேகத்தையும் கொறைக்கணும், அத மறந்துட்டு 100ல போனா டயர் சூடேறி வெடிச்சிடும். நாங்க 70க்கு மேல போறதே இல்ல. முதல் டிரிப்ல கொஞ்சம் வேகமா போனோம், டயரும் போச்சு, மூணு நாள் கழிச்சு ஃபோட்டோவ பாக்கறப்பதான் எத்தன கிபர்பேர்ட்ங்கற குட்டிப் பறவைங்கள கவனிக்காமலே தாண்டி வந்திருக்கோம்னு புரிஞ்சுது. இந்த ரோட்ல மெதுவா போறதுதான் பறவை பாக்கறதுக்கு பாதி வேலை.

எதிர்ல ரோட் ட்ரெய்ன்ங்கற நீள லாரி வந்தா ஓரங்கட்டி நிறுத்திடுங்க. மூணு டிரெய்லர் கோத்தா 53.5 மீட்டர் நீளம், அது கெளப்புற புழுதில ஒரு நிமிஷம் ஒண்ணுமே தெரியாது.

பெட்ரோல், டீசல்?

மரீ, மங்கரனி, பேர்ட்ஸ்வில். நடுவுல வேற எங்கயும் கெடையாது. மரீலருந்து மங்கரனி 200 கி.மீ. சொச்சம், அங்கருந்து பேர்ட்ஸ்வில் 300க்கு மேல. ஒவ்வொரு எடத்துலயும் ஃபுல் பண்ணிக்கோங்க, டேங்க்ல பாதி இருக்கேன்னு நெனைக்காதீங்க.

குடிக்கத் தண்ணி எவ்ளோ எடுத்துட்டு போகணும்?

ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 லிட்டர்னு நாங்க கணக்கு வைப்போம், குடிக்க, சமைக்க, கை கால் கழுவ எல்லாம் சேத்து. அதுக்கு மேல ரெண்டு மூணு நாளைக்கு ஆகற மாதிரி எக்ஸ்ட்ரா. ஒரே பெரிய டேங்க்ல வைக்காம நாலஞ்சு கேன்ல பிரிச்சு வைங்க, ஒண்ணு ஓட்டையானா மத்தது இருக்கும். போர் தண்ணி பல எடத்துல உப்பும் கந்தக வாடையுமா இருக்கும், அத நம்பி போகாதீங்க.

சரி, பறவைக்கு வாங்க. என்னென்ன பாக்கலாம்?

இதுக்குத்தான் காத்துட்டு இருந்தேன்.

மரீக்கு 80 கி.மீ. முன்னாடி லிண்ட்ஹர்ஸ்ட்னு ஒரு எடம், பறவை பாக்கறவங்க ட்ராக்குக்கே போகாம அங்க ரெண்டு நாள் தங்குவாங்க. செஸ்ட்நட் ப்ரெஸ்டட் வைட்ஃபேஸ்னு ஒரு குருவி, உலகத்துலயே தென் ஆஸ்திரேலியாவோட இந்த வறண்ட மூலைலதான் இருக்கு. பாக்க ஒண்ணும் பெருசா இருக்காது, கை விரல் நீளம், நெஞ்சுல துரு கலர்ல ஒரு பட்டை. கல்லு மேட்டுல உப்புச் செடிக்கு நடுவுல கூட்டமா தத்திட்டு இருக்கும். திக் பில்ட் கிராஸ்ரென்னும் அதே ஏரியால உண்டு, வாலத் தூக்கிட்டு புதர்லருந்து புதருக்கு எலி மாதிரி ஓடும்.

ட்ராக்ல ஏறினதும் கிபர் சமவெளி. அங்க முதல்ல தேடவேண்டியது கிபர்பேர்ட். மூஞ்சும் வயிறும் மஞ்சள், நெட்டுக்குத்தா நிமிந்து நிக்கும், நாலடி ஓடும், மறுபடி நிக்கும். பறக்கறத விட ஓடறதுதான் அதிகம். கூடவே ஆரஞ்ச் சாட், க்ரிம்சன் சாட், சினமன் க்வெய்ல் த்ரஷ்னு சின்னப் பறவைங்க. க்ரிம்சன் சாட் ஆண் பறவை அந்த செவந்த மண்ணுலயே இன்னும் செவப்பா ரத்தப் பொட்டு வச்ச மாதிரி உக்காந்திருக்கும்.

இன்லேண்ட் டாட்டரெல்ல பத்தி கொஞ்சம் விரிவா சொல்லணும். பகல்ல கல்லோட கல்லா உக்காந்திருக்கும், பத்தடில இருந்தாலும் தெரியாது. நெஞ்சுல கறுப்பா ஒரு ஒய் வடிவக் கோடு, கண்ணு மேலயும் மேலிருந்து கீழா ஒரு கறுப்புக் கோடு, முன்னாலருந்து பாத்தா சட்டுனு தெரியும். ஆனா நம்மள பாத்த உடனே அது முதுக காட்டி திரும்பிக்கும், முதுகு அப்படியே மண்ணும் கல்லும் கலந்த நெறம், நம்ம கண்ணு முன்னாடியே காணாமப் போயிடும். முட்டைய விட்டுட்டுப் போறப்ப மண்ண தள்ளி மூடிட்டுப் போற பறவை இது. ராத்திரில அது சுறுசுறுப்பாகி ரோட்டுக்கு வரும். போன தடவ கேம்ப் பக்கத்துல பொழுது சாஞ்சப்புறம் 15 கி.மீ. வேகத்துல வண்டிய உருட்டிட்டு போனோம், ஹெட்லைட் ஓரத்துல ஏழு டாட்டரெல், ஒவ்வொண்ணும் ரெண்டடி ஓடி நின்னு தலையத் திருப்பி எங்களப் பாத்துச்சு, எங்க பொண்ணு மூச்சு கூட விடல. டார்ச்ச நேரா கண்ணுல அடிக்காதீங்க, லைட் ஓரத்துல பட்டாலே போதும்.

மங்கரனில ஒரு பழைய ஹோட்டல், பின்னாடி போர் தண்ணி வழிஞ்சு ஓடி உண்டான ஒரு சதுப்பு. 200 கி.மீ. கல்லையே பாத்துட்டு வந்த கண்ணுக்கு நாணலும் வாத்தும் வக்கா நாரையும் ஒரே எடத்துல தெரியறப்ப நம்பவே முடியாது. கொரெல்லாங்கற வெள்ளைக் கிளிக் கூட்டம் சாயங்காலம் போடுற சத்தத்துல பேச முடியாது. அங்க கேம்ப் போடலாம், சுடுதண்ணி தொட்டில உக்காந்துட்டே விசிலிங் கைட்ங்கற பருந்து கத்தறத கேக்கலாம்.

ஃப்ளாக் ப்ரான்ஸ்விங்னு ஒரு புறா, ஆண் புறாவுக்கு தலை கறுப்பு வெள்ளை. நல்ல மழை வருஷத்துல நூத்துக்கணக்குல ஒண்ணா தண்ணிக்கு வரும். கழுகு வகைல வெட்ஜ் டெய்ல்ட் ஈகிள் நிச்சயம் கெடைக்கும், ரோட்ல அடிபட்டு செத்த கங்காரு மேல உக்காந்திருக்கும், ரெக்கைய விரிச்சா ரெண்டு மீட்டருக்கு மேல, வயிறு நெறஞ்சிருந்தா சட்டுனு மேல எழும்ப முடியாது, அதனால தூரத்துலயே வேகத்த கொறைங்க. லெட்டர் விங்ட் கைட் கெடைச்சா அதிர்ஷ்டம். ராத்திரில வேட்டையாடுற பருந்து அது. மழைக்கப்புறம் நீள முடி எலிங்க பெருகும்போது இதுவும் பெருகும், எலி கொறஞ்சதும் செதறிப் போயிடும்.

கிரே ஃபால்கன் வேணும்னா டெலிகாம் டவரையெல்லாம் பைனாகுலர்ல ஒரு தடவ பாத்துட்டே போங்க. உலகத்துலயே ஆயிரத்துக்கும் கம்மியாத்தான் இருக்கும்னு சொல்ற வல்லூறு, மத்த பறவைங்க விட்டுட்டுப் போன கூட்டுல முட்டையிடும், மரமே இல்லாத ஊர்ல அந்த டவர்ல இருக்கற கூடும் அதுக்கு வீடு. கண்டீங்கன்னா தூரத்துலயே நின்னு பாத்துட்டு கிளம்பிருங்க, கூடு இருக்கற எடத்த எல்லாருக்கும் சொல்லாதீங்க.

மணல் மேட்டுல ஏதோ கிராஸ்ரென் இருக்காமே?

ஐரியன் கிராஸ்ரென். 1874ல ஆராய்ச்சிக்குன்னு பிடிச்சாங்க, அதுக்கப்புறம் ரொம்ப காலம் சரியான தகவலே இல்ல, 1961லதான் மறுபடி உறுதியா கண்டுபிடிச்சாங்க. பேர்ட்ஸ்வில்லுக்கு மேற்கால 35 கி.மீ.ல பிக் ரெட்னு ஒரு மணல் மலை, 40 மீட்டர் உயரம் இருக்கும், சிம்ப்ஸன் பாலைவனம் அங்கதான் ஆரம்பிக்குது. மேல கேன்கிராஸ்னு முள்ளுக் கம்பி சுருட்டி வச்ச மாதிரி ஒரு புல்லுப் புதர், அதுக்குள்ளதான் குடித்தனம்.

காத்து இல்லாத காலைல, சூரியன் வர்றதுக்கு முன்னாடி மேல ஏறி உக்காந்திருங்க. மணல்ல ராத்திரி நடந்த எல்லாத்தோட காலடியும் இருக்கும், பல்லி, எலி, வண்டு, நடுவுல ரெண்டு ரெண்டா குதிச்ச சின்னக் காலடி, அது புதருக்குள்ள போயிருந்தா அந்த புதர் முன்னாடி அசையாம உக்காருங்க. நாங்க ஒரு மணி நேரத்துக்கு மேல உக்காந்தோம். முதல்ல ஊசி மாதிரி ஒரு சத்தம், அப்புறம் புதர் உச்சில ஒரு நிமிஷம் கூட இல்ல, செம்பழுப்பு முதுகு, வெள்ளை தொண்டை, தடிச்ச அலகு, வால் நெட்டா. என் வீட்டுக்காரர் கேமராவத் தூக்கவே இல்ல. பத்து மணிக்கு மேல பிக் ரெட்ல ஜீப்புங்க உறுமிட்டு ஏற ஆரம்பிச்சிடும், அப்ப போனா ஒண்ணும் கெடைக்காது.

நம்ம ஊர் லவ் பேர்ட்ஸ் அங்க காட்டுல பறக்குமாமே, நிஜமா?

நிஜம். நம்ம ஊர்ல கூண்டுல வச்சு லவ் பேர்ட்ஸ்னு விக்கறது பட்ஜரிகார், இந்த மண்ணோட பறவை. ஜான் கூல்டுங்கற பறவை ஆராய்ச்சியாளர் 1840ல உயிரோட இங்கிலாந்துக்கு கொண்டு போனார், அங்கருந்து உலகம் பூரா பரவுச்சு. காக்கடீலும் ஜீப்ரா ஃபிஞ்சும் கூட இங்கத்ததுதான். நீலம், வெள்ளை, மஞ்சள்னு கடைல பாக்கறதெல்லாம் கூண்டுல வளத்து உண்டாக்கின கலர், காட்டுல எல்லாம் பச்சைதான், மூஞ்சி மட்டும் மஞ்சள்.

சின்ன வயசுல எங்க வீட்டுல ஒரு ஜோடி இருந்துச்சு. ட்ராக்ல ஒரு போர் பக்கத்துல காலைல ஏழு மணிக்கு நின்னுட்டு இருந்தோம். தூரத்துல புகை மாதிரி ஒண்ணு திரும்புச்சு, திரும்பறப்ப பச்சை, அப்புறம் மஞ்சள், அப்புறம் மறுபடி ஒண்ணுமே இல்ல. ரெண்டு நிமிஷத்துல தலைக்கு மேல. ரெக்கை சத்தம் சடசடன்னு மழை விழற மாதிரி, ஆயிரமோ ரெண்டாயிரமோ எண்ண முடியல. நேரா தண்ணிக்கு வராது, ரெண்டு மூணு வட்டம் அடிக்கும், ஒரு பருந்து நிழல் தெரிஞ்சா மொத்தமும் விலகிடும், மறுபடி வரும். கடைசில கரைல எறங்கி ரெண்டு வாய் குடிச்சதும் எழும்பிடுச்சு. நான் அழுதுட்டேன். வீட்டுல இருந்த அந்த ரெண்டும் எட்டு வருஷம் ஒரு அடி கம்பில உக்காந்திருந்துச்சு.

நைட் பேரட் பாக்க முடியுமா?

முடியாதுன்னே வச்சுக்கோங்க. அழிஞ்சே போச்சுன்னு நெனச்ச கிளி அது. 1990ல குயின்ஸ்லாந்துல பூலியா பக்கத்துல ரோட்டோரமா செத்துக் கெடந்தது ஒண்ணு கெடைச்சுது, 2013லதான் உயிரோட இருக்கறத ஃபோட்டோ எடுத்தாங்க. அது இருக்கற எடத்த பாதுகாக்கறாங்க, பொதுமக்கள விடறதில்ல, விடக்கூடாதும்தான். ராத்திரில வெளிய வர்ற கிளி பாக்கணும்னு ஆசைன்னா போர்க்ஸ் பேரட்டுக்கு காத்திருங்க, முல்கா மரம் இருக்கற பக்கம் நல்லா இருட்டினப்புறம் தண்ணிக்கு வரும், அடிவயிறு ரோஸ் கலர். குயின்ஸ்லாந்து வழியா திரும்பறவங்க கன்னமல்லா பக்கத்துல பவ்ரா சரணாலயத்துக்கு போகலாம், 14,000 ஹெக்டேர், கேம்ப் சீசன்ல மட்டும் திறப்பாங்க, முன்கூட்டியே புக் பண்ணனும்.

கேம்ப் எங்க போடறது? தண்ணி பக்கத்துல அழகா இருக்குமே?

அழகா இருக்கும், ஆனா போடாதீங்க. இதுல நான் கண்டிப்பாத்தான் பேசுவேன். சுத்துவட்டாரம் 30 கி.மீ.க்கு அந்த ஒரு குட்டைதான் தண்ணியா இருக்கும். நீங்க கரைல டென்ட் போட்டு லைட்டும் பாட்டும் வச்சா ராத்திரி தண்ணிக்கு வரவேண்டிய பறவை, கங்காரு, மாடு எல்லாம் தூரத்துலயே நின்னுட்டு திரும்பிப் போயிடும். ஜீப்ரா ஃபிஞ்ச் மாதிரி விதை தின்னிங்க தெனம் தண்ணிய நம்பி இருக்கற பறவை. சில நூறு மீட்டர் தள்ளி போடுங்க, காலைல நடந்து வந்து ஒரு மரத்தடில பேசாம உக்காருங்க. சோப்பு போட்டு குட்டைல பாத்திரம் கழுவறதும் கூடாது. கூலிபா மரத்துக்கு அடில டென்ட் போடாதீங்க, காத்தே இல்லாதப்ப கூட கிளை ஒடிஞ்சு விழும். காஞ்ச ஓடைக்குள்ளயும் போடாதீங்க, காரணம் மேலயே சொல்லிட்டேன்.

மங்கரனி, பேர்ட்ஸ்வில், மரீ மூணுலயும் காசு கட்டி தங்கற எடம் உண்டு. திரும்பறப்ப கோர்டில்லோ டவுன்ஸ் ரோடு வழியா இன்னமின்கா வந்தீங்கன்னா கல்லியமரா வாட்டர்ஹோல், எனக்கு எல்லாத்துலயும் பிடிச்ச கேம்ப் அது. கூப்பர் க்ரீக்கோட ஆழமான மடு, எந்த பஞ்சத்துலயும் வத்தாதுன்னு சொல்லுவாங்க. பெலிக்கன் காலைல பனிக்குள்ளருந்து மிதந்து வரும். அங்க தங்க பார்க்ஸ் பெர்மிட் முன்னாடியே எடுக்கணும்.

விறகு பொறுக்கி தீ மூட்டலாமா?

பார்க்ல கூடாது. காஞ்ச மரம்னு நீங்க நெனைக்கற பொந்துலதான் பட்ஜரிகாரும் ஆந்தையும் குஞ்சு பொரிக்கும். கேஸ் அடுப்பு எடுத்துட்டுப் போங்க. தீ தடை நாள்னா அதுவும் எங்கெங்க கூடும்னு கேட்டுக்கணும்.

சாப்பாடு?

புளிக்காய்ச்சல், எலுமிச்சை ஊறுகாய், பருப்புப்பொடி, ரசப்பொடி, அரிசி, பருப்பு, சின்ன குக்கர். முதல் ரெண்டு நாளைக்கு சப்பாத்தி போட்டு எடுத்துட்டு போவோம். குளிர்ல இருட்டினப்புறம் ரசம் சாதம் தட்டுல ஆவி பறக்க சாப்பிடறத விட வேற ஒண்ணும் வேண்டாம். முக்கியமா, வேற மாநிலத்துலருந்து தென் ஆஸ்திரேலியாக்குள்ள வர்றீங்கன்னா பழம், தக்காளி, மிளகாய் மாதிரி எதையும் கொண்டு வராதீங்க, பழ ஈ பரவும்னு தடை, ஃபைனும் போடுவாங்க. பேர்ட்ஸ்வில் போயிட்டு அதே ட்ராக்ல திரும்பினாலும் இதே சட்டம்தான். அங்க குயின்ஸ்லாந்து நேரம் அரை மணி முன்னாடி ஓடும், ஹோட்டல் கிச்சன் மூடறதுக்குள்ள போகணும்னா ஞாபகம் வச்சுக்கோங்க.

குழந்தைங்கள கூட்டிட்டு போலாமா? பாம்பு, டிங்கோ?

எங்க பொண்ணு ஆறு வயசுல முதல் தடவ வந்தா. ஒரு நாளைக்கு 250 கி.மீ.க்கு மேல போகாதீங்க, அவ்ளோதான் சூத்திரம். அவளுக்குன்னு தனி பைனாகுலர், தனி நோட்டு. ஜீப்ரா ஃபிஞ்ச் கூட்டுல எத்தன குஞ்சுன்னு சத்தத்த வச்சே சொல்லுவா.

இன்லேண்ட் தைப்பான்ங்கற உலகத்துலயே விஷம் அதிகமான பாம்பு இந்த பக்கம்தான் இருக்கு, ஆனா கூச்ச சுபாவம், மண்ணு வெடிப்புக்குள்ள எலிய தேடிட்டு இருக்கும். குளிர் காலத்துல நாங்க மூணு டிரிப்லயும் ஒண்ணு கூட பாக்கல. மூடின ஷூ, ராத்திரி டார்ச், அழுத்திச் சுத்தற பேண்டேஜ், இத விடாதீங்க. டிங்கோங்கற காட்டு நாய தடுக்க கட்டின வேலி 5,600 கி.மீ. நீளம், மரீக்கு வடக்கால அத தாண்டிப் போவீங்க, அதுக்கப்புறம் டிங்கோ நடமாட்டம் உண்டு, சாப்பாட்டயும் செருப்பையும் வெளிய வைக்காதீங்க, குழந்தைய தனியா விடாதீங்க. ஈதான் நெஜத் தொந்தரவு. மூஞ்சிக்கு வலை வாங்கிக்கோங்க.

பைனாகுலர், கேமரா, ஆப்?

8க்கு 42 பைனாகுலர் எல்லாத்துக்கும் போதும். சமவெளில ஸ்கோப் இருந்தா நல்லது, ஆனா ஒன்பது மணிக்கு மேல தரைலருந்து கானல் எழும்பி எல்லாம் நெளியும், அப்ப எந்த ஸ்கோப்பும் உதவாது. மெர்லின், ஈபேர்ட் ரெண்டுலயும் இந்த ஏரியாவ வீட்டுல இருக்கறப்பவே டவுன்லோட் பண்ணிக்கோங்க. கேமராவ புழுதிக்கு தலையணை உறைக்குள்ள வச்சு கட்டுங்க.

பறவை சத்தத்த ப்ளே பண்ணி வரவழைக்கலாமா?

வேண்டாம். அதுக்கு எதிரி வந்துட்டான்னு கூட்ட விட்டுட்டு வெயில்ல ஓடி வரும், இந்த நெலத்துல அந்த ஓட்டத்துக்கு செலவாகுற தண்ணிய ஈடு கட்டறது லேசு இல்ல.

அங்க யாருமே இல்லாத நெலம்தானே?

இல்லவே இல்ல. பேர்ட்ஸ்வில் பக்கம் வாங்கன்குரு யார்லுயான்டி மக்கள், ட்ராக்கோட கீழ்ப்பகுதில டியேரி, இன்னமின்கால யான்ட்ருவாந்தா. 1861ல பர்க், வில்ஸ்னு ரெண்டு ஆய்வுப் பயணிங்க கண்டத்த தெற்கு வடக்கா கடந்துட்டு திரும்பறப்ப அந்த கூப்பர் கரைலதான் செத்தாங்க. மீனும் பறவையும் நெறஞ்ச எடம் அது. நார்டூன்னு ஒரு நீர்ச்செடில விதை மாதிரி இருக்கறத மாவாக்கி தின்னாங்க, ஆனா அத பக்குவம் பண்ற முறை தெரியாம தின்னதால உடம்பு இன்னும் தேஞ்சுது. கூட இருந்த கிங்குங்கறவர் மட்டும் யான்ட்ருவாந்தா மக்களோட போய் சேந்தார், பொழச்சார். இப்ப ட்ராக்கோட ரெண்டு பக்கமும் மாட்டுப் பண்ணைங்க, கேட் திறந்திருந்தா திறந்தே விடுங்க, மூடியிருந்தா மூடுங்க, ட்ராக்க விட்டு உள்ள போகணும்னா கேட்டுட்டு போங்க.

நடுவுல வண்டி நின்னுட்டா?

மரீலயும் பேர்ட்ஸ்வில்லயும்தான் போன் எடுக்கும். யூ.எச்.எஃப். ரேடியோ வைங்க, லாரிக்காரங்க 40ஆம் சேனல்ல பேசுவாங்க, 5ம் 35ம் எமர்ஜென்சிக்கு மட்டும். சாட்டிலைட் போன் இல்லன்னா பி.எல்.பி.ங்கற சின்ன அவசர பீக்கனாவது கண்டிப்பா. வாங்கினதும் ஆன்லைன்ல ரிஜிஸ்டர் பண்ணுங்க, இலவசம்தான். வீட்டுல யாராவது ஒருத்தர் கிட்ட, இந்த நாள் இந்த நேரத்துக்குள்ள நான் கூப்பிடலன்னா போலீஸுக்கு சொல்லுன்னு எழுதிக் குடுத்துட்டு கிளம்புங்க.

அப்புறம், என்ன ஆனாலும் வண்டிய விட்டு நடக்காதீங்க. மேலருந்து தேடறவங்களுக்கு வண்டி தெரியும், ஆள் தெரியாது. நிழல்ல உக்காருங்க, தண்ணிய பகுந்து குடிங்க. எங்களுக்கு ஒரு தடவ ஃபேன் பெல்ட் அறுந்து நாலு மணி நேரம் உக்காந்திருந்தோம், ஒரு பண்ணைக்காரர் யூட்ல, அதாவது பிக்கப் வண்டில வந்து நிறுத்தி மாத்திக் குடுத்துட்டு காசு வாங்காம போனார்.

மொத்தம் எத்தன நாள், எத்தன பறவை?

அடிலெய்டுலருந்து போய் இன்னமின்கா, ஸ்ட்ரெலெக்கி ட்ராக் வழியா சுத்தி வர 12 நாள் வைங்க, பத்துல முடிக்கலாம், ஆனா அவசரம் ஆயிடும். நாங்க போன தடவ 118 வகை பாத்தோம். பொண்ணு நோட்டுல 119 இருக்கு, ஃபேன் பெல்ட் அறுந்து நின்ன எடத்துல அவ மட்டும் ஒரு ப்ரோல்கா கொக்க பாத்தாளாம், நாங்க ரெண்டு பேரும் பானெட்டுக்குள்ள குனிஞ்சிருந்தோம்.